மீசை கோச் படத்தைக் கழற்றிய காலை

1

முதலில் ஒரு மறுப்பு. நான் கோச் இல்லை. எந்தக் காலத்திலும் கோச்சாக இருந்ததில்லை. அமெரிக்கக் கல்லூரி ஒன்றின் ஃபுட்பால் அணிக்கு நான் பயிற்சி கொடுப்பதாக எங்கள் ராயபுரம் கல்மண்டபம் முழுக்கப் பேச்சு இருக்கிறதாம். ஈஸ்டர் முடிந்ததும் நடக்கும் பங்குக் கோயில் டோர்னமெண்டுக்குக் கோப்பை கொடுக்க என்னைக் கூப்பிடப் போகிறார்களாம். வியாசர்பாடி சுகுமார் போன வாரம் போனில் சொன்னான். ரயில்வேயில் வேலை பார்த்துக்கொண்டே சாயங்காலம் ஏரியாப் பையன்களுக்கு நிஜமாகவே பந்து விளையாடக் கற்றுக்கொடுப்பவன் அவன். அவனை யாரும் கூப்பிடவில்லை. அவனுக்கு இருக்கும் எரிச்சல் நியாயமானது.

வதந்தியின் ஊற்று என் மாமியார். குளிருக்காகக் கட்டடத்தில் எல்லோருக்கும் கொடுத்த அணி ஜாக்கெட்டைப் போட்டு ஒரு போட்டோ அனுப்பினேன். அவர் அதை ஞாயிறு பூசைக்கு எடுத்துக்கொண்டு போனார். மிச்சத்தைக் கோயில் வாசல் பார்த்துக்கொண்டது.

உண்மையில் நான் பார்ப்பது ஐஸ் வேலை. காசிமேட்டு ஐஸ் ஃபேக்டரியில் அப்பாவோடு நின்று கற்றுக்கொண்டது. மனைவி ரீட்டா நர்ஸ். அவள் விசாவில் நான் லக்கேஜாக வந்து சேர்ந்தேன். இந்த ஊர்க் கல்லூரியில் ஃபுட்பாலுக்கென்று தனிக் கட்டடம் இருக்கிறது. அதன் ஐஸ் மெஷின்கள், குளிர்தண்ணீர்த் தொட்டிகள், அவற்றுக்குப் போகும் பைப்புகள் எல்லாம் என் பொறுப்பு. ஆட்டம் முடிந்ததும் மாடு மாதிரி வளர்ந்த பிள்ளைகள் அந்தத் தொட்டியில் கழுத்துவரை இறங்கி உட்கார்ந்து அம்மாவைக் கூப்பிடுவார்கள். காசிமேட்டில் வஞ்சிரத்துக்குச் செய்ததை இங்கே இவர்களுக்குச் செய்கிறேன். வஞ்சிரம் கத்தாது, அவ்வளவுதான் வித்தியாசம்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். இந்தக் கட்டடத்தில் எல்லோரும் எல்லோரையும் ‘கோச்’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். என்னையும். ‘கோச், தண்ணி ரொம்ப ஜில்’ என்பார்கள். அந்த அளவுக்கு மாமியார் சொன்னது பொய்யில்லை.

2

இந்த ஃபுட்பால் நம் ஃபுட்பால் இல்லை. ஹெல்மெட்டும் தோள்பட்டை மெத்தையும் மாட்டிக்கொண்டு, பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடுவார்கள். சுகுமாருக்கு வீடியோ அனுப்பினேன்.

“கைல தூக்கிகினு ஓட்றதுக்கு எதுக்கு மாமு ஃபுட்பால்னு பேரு?” என்றான். “நம்ம ஏரியால அப்டி ஓடுனா போலீஸ் இட்டுகினு பூடும்.”

ஆனால் ஊருக்கு அதுதான் உயிர். இந்த ஊரில் மேயர் யாரென்று கேட்டால் யோசித்துச் சொல்வார்கள். பெரிய கோச்சின் நாய்க்கு என்ன பெயர் என்று கேட்டால் யோசிக்காமல் சொல்வார்கள். பெரிய கோச்சுக்குக் கீழே ஏழெட்டுக் கோச். எதிரி ஓடிவருவதைத் தடுக்கும் பிரிவுக்குத் தலைவர் ஒருவர் உண்டு. அவரை இந்த ஊர்த் தமிழர்கள் நாங்கள் ‘மீசை கோச்’ என்போம். நிஜப் பெயரை எழுதமாட்டேன். வாயைத் திறந்ததால் வந்த வினையைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

குளிர்காலம் வந்து ஆட்டங்கள் முடிந்தால் வதந்தி சீசன் தொடங்கும். எந்தக் கோச் இருப்பார், எந்தக் கோச் வேறு கல்லூரிக்குத் தாவுவார். சின்ன விமானம் ஒன்று இறங்கினால் அதில் யார் வந்தது என்று விமான நிலைய வேலிக்கு வெளியே ஆள் நிற்கும். கோச் மனைவி சலூனில் என்ன பேசினார் என்று பக்கத்து நாற்காலி கேட்டுக்கொண்டிருக்கும். இதையெல்லாம் கொட்டுவதற்கு ஒரு இணையதளம் இருக்கிறது. அங்கே எல்லோரும் புனைபெயரில் எழுதுவார்கள். எல்லோருக்கும் ‘உள்ளே ஒரு ஆள்’ இருப்பார். உள்ளே இவ்வளவு ஆள் இருந்தால் எனக்கு நிற்க இடம் இருக்காதே என்று நான் சிரித்துக்கொள்வேன்.

சிரிக்கத் தகுதி உள்ளவன் நான். காசிமேட்டில் லாஞ்சு கரைக்கு வருமுன்னே உள்ளே என்ன மீன் என்று ஏலம் எடுக்கும் அக்காமார்கள் சொல்லிவிடுவார்கள். தெரியாவிட்டாலும் தெரிந்த முகம் வைத்துக்கொள்வார்கள். விலையே அந்த முகத்தில்தான் நிற்கும். அந்தப் பள்ளியில் படித்தவனுக்கு இந்த ஊர் வதந்தியெல்லாம் பால்வாடி.

அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

3

லாஞ்சு ஓட்டும் டிரைவர் ஒரு முதலாளியை விட்டு இன்னொரு முதலாளியிடம் போவதை எங்கள் பக்கம் யாரும் வாயால் சொல்லமாட்டார்கள். லாஞ்சில் இருப்பதெல்லாம் முதலாளி வாங்கிப் போட்டது. கேபினில் மாட்டியிருக்கும் சாமி படம் மட்டும் டிரைவருடையது. வேளாங்கண்ணி மாதாவோ முருகனோ, அவர் வீட்டிலிருந்து கொண்டுவந்து மாட்டியிருப்பார். ஒருநாள் காலை அந்தப் படத்தைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இறங்கினார் என்றால் விஷயம் முடிந்தது. அவரிடம் யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். கேட்பது மரியாதை இல்லை. அடுத்து யார் என்று மட்டும் பேசிக்கொள்வார்கள். என் அப்பா ஐஸ் ஏற்ற வரும் ஆட்களிடம் முதலில் கேட்பதே “எந்த லாஞ்சுல இன்னிக்கி படம் எறங்குச்சு?” என்றுதான்.

ஜனவரியில் ஒரு காலை. நடைபாதையில் ஐஸ் மெஷினைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தேன். மீசை கோச் தன் அறையிலிருந்து வந்தார். கக்கத்தில் ஒரு பெரிய குடும்பப் படம், கண்ணாடிச் சட்டத்தோடு. மனைவி, மூன்று பிள்ளைகள், ஒரு நாய். என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். முகம் செத்துக் கிடந்தது. நேராகப் போய்க் காரில் வைத்துவிட்டு வெறுங்கையோடு திரும்பி வந்தார்.

நான் ஒன்றும் கேட்கவில்லை. மரியாதை தெரிந்தவன்.

4

இங்கே சில தமிழ்க் குடும்பங்கள் உண்டு. எல்லோரும் சாஃப்ட்வேர். பொங்கலுக்கு ஒரு வீட்டில் கூடுவோம். இந்த வருஷம் செந்தில்நாதன் வீடு. கோயம்புத்தூர்க்காரர், தன்மையானவர். போனதுமே, “ஃபெலிக்ஸ், நம்ம ஃப்ரீசருல பனி கட்டிட்டே இருக்குதுங்க, ஒரு பார்வை பாத்துருங்களேன்” என்றார். வருஷம் தவறாமல் ஏதாவது ஒரு வீட்டில் இப்படித்தான் என் பொங்கல் தொடங்கும். நான் ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்திருக்க, கூடத்தில் ஃபுட்பால் பேச்சு. பெரிய கோச்சுக்கு நாக்கில் சுளுக்கு, அதனால்தான் பேட்டி கொடுக்கவில்லை என்கிற ரகத்தில் போய்க்கொண்டிருந்தது.

“நம்ம ஃபெலிக்ஸ் அங்கதானே வேலை பாக்கறாரு?” என்று ஒருவர்.

“அவருக்கெங்கீங்க தெரியப் போவுது?” என்று செந்தில்நாதன். மனுஷர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் அந்த ‘எங்கீங்க’ இருக்கிறதே, அது என் முதுகுத்தண்டில் ஏறியது.

எழுந்தேன். கையைத் துடைத்தேன். ஏலம் எடுக்கும் அக்காவின் முகத்தை வரவழைத்துக்கொண்டேன். “மீசையோட படம் எறங்கிடுச்சு” என்றேன்.

கூடம் மொத்தமும் என் பக்கம் திரும்பியது. படம் இறங்குவது என்றால் என்னவென்று காசிமேட்டிலிருந்து தொடங்கி விளக்கினேன். பொங்கல் ஆறிப்போனது. யாரோ எனக்கு நாற்காலி போட்டார்கள். இந்த ஊரில் எனக்குத் தமிழன் கையால் போடப்பட்ட முதல் நாற்காலி அது.

ரீட்டா சமையலறை வாசலிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். மயக்கமருந்து கொடுக்கப்பட்ட நோயாளியைப் பார்க்கும் பார்வை.

5

சில நாள் கழித்துக் கறி வாங்கப் போனேன். வெட்டுகிறவர் வெள்ளைக்காரர், நெருக்கமானவர். கவுண்டர் மேல் சாய்ந்து, காதோடு காதாக, மீசை கோச் பெட்டி கட்டிவிட்டார் என்றார். லாரி வந்தாயிற்று. பெரிய கோச்சோடு கைகலப்பு. வீடு விலைக்குப் போட்டாயிற்று. எல்லாம் உள்ளே இருக்கும் ஒருவர் சொன்னது.

எனக்குப் புல்லரித்துவிட்டது. கறியை மறந்து வீட்டுக்கு ஓடினேன்.

“ரீட்டா, சேதி தெரியுமா? கைகலப்பே ஆயிகீது!”

“யோவ், அத்த கௌப்பி வுட்டதே நீதான.”

“நான் படம் மட்டுந்தான சொன்னேன். லாரி வேற எவனோ சொல்லிகிறான். ரெண்டு பேரு தனித்தனியா சொன்னா நெசமாத்தான் இருக்கும்.”

ரீட்டா கரண்டியைக் கீழே வைத்தாள். “முட்ட போட்ட கோழியே ஆம்லெட்டு யார் வூட்லேர்ந்து வந்துச்சுன்னு கேக்குது. கறி எங்க?”

அந்த இணையதளத்தைத் திறந்து பார்த்தேன். முதல் குறிப்பு பொங்கலன்று சாயங்காலமே ஏறியிருந்தது. கட்டடத்துக்குள் எல்லா அறைக்கும் போய்வரக்கூடிய ஒருவர் சொன்னதாக எழுதியிருந்தது. எழுதியவரின் புனைபெயருக்குப் பக்கத்தில் கோவைக் குற்றாலம் போல ஒரு அருவிப் படம்.

எல்லா அறைக்கும் போய்வரக்கூடிய ஒருவர். பைப்பு எல்லா அறைக்கும் போகிறது. பைப்புக்குப் பின்னால் நான் போகிறேன்.

6

மறுநாள் கட்டடத்தில் எல்லோரையும் கூட்டினார்கள். தரை துடைப்பவர் முதல் பெரிய கோச் வரை. நிர்வாகத்தைப் பார்த்துக்கொள்ளும் மேடம் நிதானமாகப் பேசினார். கத்தியிருந்தால் எனக்குத் தெம்பாக இருந்திருக்கும், நான் கத்தலில் வளர்ந்தவன். உள்ளே நடப்பது வெளியே போகாது என்று எல்லோரும் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். யாரோ மீறியிருக்கிறார்கள். கண்டுபிடிப்போம். கண்டுபிடித்த அன்றே வேலை போய்விடும்.

வேலை போவது எனக்குப் பெரிய விஷயமில்லை. ஐஸ் உருகாத ஊர் எங்கேயும் கிடையாது, எனக்கு எங்கேயும் பிழைப்பு உண்டு. ஆனால் என் மகள் நிம்மி அதே கல்லூரியில் இரண்டாம் வருஷம். நான் அங்கே வேலையில் இருப்பதால்தான் அவளுக்குக் கட்டணத்தில் பெரும்பகுதி இல்லை. ரீட்டா சம்பளம் வீட்டுக்கே சரியாகப் போய்விடும். என் வேலை போனால் நிம்மி படிப்பு பாதியில் நிற்கும். ஒரு கண்ணாடிச் சட்டத்துக்காக.

அதன்பிறகு நான் செய்ததையெல்லாம் எழுத வெட்கமாக இருக்கிறது. எழுதுகிறேன். போனிலிருந்து வாட்ஸப்பையே அழித்தேன். நடைபாதையில் தலையைக் குனிந்துகொண்டே நடந்து ஒருமுறை சாப்பாட்டு வண்டியில் மோதினேன். யாரோ “குட் மார்னிங்” என்றதற்கு “எனக்கு எதுவும் தெரியாது” என்று பதில் சொன்னேன். மேடம் எதிரே வந்தால் அருகிலிருக்கும் கதவைத் திறந்து உள்ளே போய்விடுவேன். இரண்டு தடவை அது பெண்கள் கழிப்பறை.

நிம்மியிடம் ரீட்டாதான் சொன்னாள். நிம்மி எங்களோடு பேசுவதெல்லாம் இங்கிலீஷில்தான். நாங்கள் தமிழில் கேட்போம், அவள் இங்கிலீஷில் பதில் சொல்வாள். வெளிநாட்டுத் தூதர் வீட்டில் வளர்வது மாதிரி. அன்று என்னை நெடுநேரம் பார்த்தாள்.

“டாட், யூ லீக்ட் அ ஃபோட்டோ ஃப்ரேம்?” என்றாள்.

அவ்வளவுதான். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் உள்ளே போய்ப் புத்தகத்தைத் திறந்து உட்கார்ந்தாள். புத்தகத்தில் ஒரு பக்கம்கூடத் திரும்பவில்லை.

ஆளைக் காணோமே என்று சுகுமார் ரீட்டா போனில் வந்தான்.

“இன்னா மாமு, உசுரோட கீறியா?”

சொன்னேன். அவன் சிரித்து முடிப்பதற்குள் ரீட்டா ஒரு டீ போட்டுவிட்டாள்.

“பேஜாரு ஆயிடுச்சுன்னா இங்க வந்துடு நைனா. உன்ன கோச்சா போட்றோம். ஏற்கெனவே எல்லாரும் அப்டித்தான் நெனச்சிகினுகீறாங்கோ. வேல மட்டும் நான் பாக்கறேன்.”

“நிம்மி படிப்புடா.”

சிரிப்பு நின்றது. “ஆமால்ல” என்றான். பிறகு, “கேட்டா இல்லன்னு சொல்லு. கேக்காட்டி வாய தொறக்காத. உன்னால ரெண்டாவது முடியாதுன்னு எனக்குத் தெரியும்” என்றான். நாற்பது வருஷ தோஸ்து.

7

அடுத்த வாரம் மீசை கோச் என்னைத் தன் அறைக்கு வரச் சொன்னார். டூல் பாக்ஸைக் கொண்டுவரச் சொன்னதை நான் கவனிக்கவில்லை. வரச் சொன்னார் என்பது மட்டும்தான் காதில் விழுந்தது. மாதாவுக்கு வழியெல்லாம் மெழுகுவர்த்தி நேர்ந்துகொண்டே போனேன்.

அவர் சுவரைக் காட்டினார். படம் இருந்த இடத்தில் ஆணி மட்டும் இருந்தது. அதைச் சுற்றிச் சுவர் வியர்த்துக் கருத்துப் பூஞ்சை பிடித்திருந்தது. தொட்டிகளுக்குப் போகும் குளிர்தண்ணீர்ப் பைப்பு அந்தச் சுவருக்குள்தான் போகிறது. அதன் மேல் இலையுதிர் காலத்தில் நான் சுற்றிய உறை நழுவியிருக்கிறது. சுவர் ஈரமாகி, படத்துக்குள்ளும் இறங்கி, நாயின் பாதி முகம் அழிந்துபோயிருக்கிறது. அது செத்துப்போன நாய். வேறு படம் கிடையாது. அதைக் காப்பாற்ற முடியுமா என்று சட்டம் போடுகிற கடைக்குக் கொண்டுபோயிருக்கிறார். அன்று காலை அந்த முகம் அதனால்தான்.

ஆகமொத்தம் படத்தை இறக்கியது நான். இறக்கிவிட்டு, இறங்கியது என்று ஊருக்குச் சொன்னவனும் நான்.

“அப்படியென்றால் நீங்கள் போகவில்லையா?” என் வாய் கேட்டுவிட்டது. நான் கேட்கவில்லை, வாய் கேட்டது.

அவர் சிரித்தார். எங்கே போவது, இந்த ஊரிலேயே கிழவனாவதாக இருந்தேன் என்றார். நான் ஓடிப்போய் டூல் பாக்ஸை எடுத்துவந்து, மேஜைக்குக் கீழே புகுந்து சுவரை அறுக்க ஆரம்பித்தேன். சந்தோஷத்தில் ரம்பம் தானாக ஓடியது.

அப்போது அவர் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டார். பேச்சைக் கேட்கக்கூடாது என்றுதான் இருந்தேன். கேட்டது. வேறு ஒரு கல்லூரி. அவர் மனம் நொந்திருப்பதாகக் கேள்விப்பட்டு, போன வாரத்திலிருந்தே கூப்பிடுகிறார்கள் போல. பெரிய பதவி. அவருடைய அம்மா இருக்கும் ஊருக்குப் பக்கம். இவர் “ம்” என்றார், “ம்” என்றார், கடைசியில் “வருகிறேன்” என்றார். போனை வைத்த பிறகுதான் மேஜைக்குக் கீழிருந்து நீண்டிருந்த என் கால்களைப் பார்த்தார்.

குனிந்தார். “கோச்” என்றார் என்னிடம். “பெரிய கோச்சிடமே நாளைக்குத்தான் சொல்லப் போகிறேன். நீ எதையும் கேட்கவில்லை.”

“எனக்கு எதுவும் தெரியாது” என்றேன். பயிற்சி இருந்ததால் சரளமாக வந்தது.

8

ஆக, தெரியாதபோது ஊருக்கெல்லாம் சொன்னேன். தெரிந்த அன்று வாயைத் தைத்துக்கொண்டேன். விதி அன்று சாயங்காலமே செந்தில்நாதனைக் கடையில் எதிரே கொண்டுவந்து நிறுத்தியது.

“ஏனுங்க ஃபெலிக்ஸ், உங்க சேதி டுபாக்கூருங்களே” என்றார். “கோச் வீட்டை விக்கவே இல்லையாமா. உங்களை நம்பி எழுதி எம்பட பேரு கெட்டுப்போச்சு.”

தொண்டைக்குள் உண்மை ஒரு முழு ஐஸ் பார் மாதிரி நின்றது. விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. நிம்மியை நினைத்தேன். “ஆமாங்க” என்றேன். “டுபாக்கூருதான். எனக்கெங்க தெரியப் போவுது?”

“அதானே பாத்தேன்” என்றார். ஃப்ரீசரில் மறுபடி பனி கட்டுகிறது என்றும் சொன்னார்.

மறுநாள் செய்தி வெளிவந்தது. மீசை கோச் போகிறார். ஊர் கொந்தளித்தது. வதந்தி வந்தபோது மீசை கோச்சுக்கே அந்த எண்ணம் இல்லை என்பதை யார் நம்புவார்கள்? ரகசியப் பேச்சு எப்போதோ தொடங்கியிருக்க வேண்டும், அதை அவ்வளவு முன்கூட்டியே தெரிந்துவைத்திருக்க மேலிடத்தில் இருப்பவரால் மட்டுமே முடியும் என்று கட்டடம் முடிவு கட்டியது. பெரிய கோச், தனக்கும் மேலே இருக்கும் விளையாட்டுத் துறை டைரக்டரைச் சந்தேகப்பட்டார். டைரக்டர் பெரிய கோச்சைச் சந்தேகப்பட்டார். இருவரும் ஒருவருக்கொருவர் மிக மரியாதையாகப் பேச ஆரம்பித்தார்கள். விசாரணை நின்றுவிட்டது. நம் ஊரிலும் விசாரணை மேல்மாடிக்கு ஏறினால் நின்றுவிடும். லிஃப்ட் எல்லாம் ஒரே கம்பெனிதான் போல.

நிம்மி வகுப்பு முடிந்து என்னோடு காரில் போக வந்திருந்தாள். நடைபாதையில் மேடம் எதிரே வந்தார். இந்தத் தடவை நான் எந்தக் கதவையும் திறக்கவில்லை. அவரே நின்று என் தோளில் தட்டினார்.

“ஃபெலிக்ஸ், இத்தனை நாளாய் ஏன் முகம் வாடியிருந்தாய்? உன்னை நாங்கள் ஒரு நிமிஷம்கூடச் சந்தேகப்படவில்லை. இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும்?”

தப்பித்தேன். வேலை பிழைத்தது, படிப்பு பிழைத்தது. மண்டியிட்டு நன்றி சொல்ல வேண்டிய நேரம். ஆனால் எனக்கு முகம் சூடேறியது. எனக்கு எப்படித் தெரியுமா? இந்தக் கட்டடத்தில் ஒரு கோச்சையே ஊர் மாற்றியவன் நான். அருவிப் படத்துக்காரருக்குச் சேதி கொடுத்தவன் நான். டைரக்டருக்கும் பெரிய கோச்சுக்கும் போகிற பெருமை யாருடையது? வாய் திறந்துவிட்டது.

“மேடம், உண்மையில் அது வந்து...”

நிம்மி என் முழங்கையைப் பிடித்தாள். நகம் பதிந்தது. “என் அப்பாவுக்கு எதுவுமே தெரியாது, நிஜமாகவே எதுவும்” என்று அழகான இங்கிலீஷில் சிரித்துக்கொண்டே சொன்னாள். “தெரியுமே” என்று மேடமும் சிரித்தார். நான் வாய் திறந்தபடியே கார்வரை இழுத்துச் செல்லப்பட்டேன்.

காரில் ஏறியும் நான் சாவியைப் போடவில்லை. திரும்பிப் போய் ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வந்தால் என்ன என்று கதவின் பக்கம் கை போனது.

ராயபுரத்தை இரண்டு லீவுக்கு மட்டும் பார்த்த என் மகள், சீட் பெல்ட்டை மாட்டிக்கொண்டு, முன்கண்ணாடியைப் பார்த்தபடி சொன்னாள்:

“நைனா, கம்முனு வண்டிய எடு.”

எடுத்தேன்.